அக்கா பார்த்த பெண்கள்

நார்த் பாயிண்ட், ஹாங்காங்
14 ஜூலை 1991

என் அன்புள்ள காம்வா,

நான் நலம். வான்கூவரில் உன் அண்ணனும், அவர் உணவகத்து அடுப்படியில் வெந்துகொண்டிருக்கும் நீயும் நலமா? எட்டு வருடமாக உனக்கு ‘ஒன்றுவிட்ட தம்பிக்கு’ என்றே எழுதி வந்தேன். யாராவது பிரித்துப் படித்துவிட்டால் என்ன ஆவது என்ற பயம். இனி அந்தப் பொய் வேண்டாம்.

சட்டம் போய்விட்டது. நம்மைப் போன்ற இரண்டு ஆண்கள் பூட்டிய கதவுக்குள் ஒன்றாகப் படுத்தால் ஆயுள் சிறைகூடக் கிடைக்கும் என்றிருந்ததே, அதை இந்த வாரம் சட்டசபையில் எடுத்துவிட்டார்கள். வெள்ளைக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய சட்டம். தங்கள் ஊரில் இருபத்துநான்கு வருடத்துக்கு முன்பே அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, நமக்கு மட்டும் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

டிராம் பணிமனையில் டீ குடிக்கும்போது ரேடியோவில் கேட்டேன். மூத்த ஓட்டுநர் லோக், இனி ஊர் உருப்படாது என்றார். உன் படுக்கையறையையா கேட்டாங்க, டீயைக் குடி என்று சமையல்காரம்மா அவர் வாயை அடைத்தாள். நான் டீயை முடித்துவிட்டு என் வண்டியை எடுத்தேன். கென்னடி டவுன் போய்ச் சேரும்வரை தேவையில்லாத இடத்திலெல்லாம் மணியடித்தேன். இறங்கப்போன ஒரு பெரியவர், “என்ன தம்பி, கல்யாணமா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இன்று மதியம் சுக்லின் அக்கா வறுத்த வாத்து வாங்கி வந்தாள். எனக்குப் பெண் பார்ப்பதை அவள் இன்னும் விடவில்லை என்று உனக்குத் தெரியும். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று இருந்தேன். காம்வா எனக்குச் சொந்தக்காரன் இல்லை அக்கா என்றேன்.

அவள் எலும்பிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. “தெரியும்டா. நான் கொண்டுவந்த பொண்ணுங்களை நெனச்சுப் பாரு. ஒருத்தியாவது உனக்குச் சரின்னு சொல்ற மாதிரி இருந்தாளா?”

யோசித்துப் பார்த்தேன். ஒருத்தி கன்னிமாடத்தில் சேர இருந்தவள். இன்னொருத்தி ஒரு மாலுமிக்கு வாக்குக் கொடுத்திருந்தவள். எல்லாரையும் தேடித் தேடித்தான் பிடித்திருக்கிறாள். பெண் பார்க்கிறோம் என்று தெரிந்தால் அக்கம்பக்கம் வாயைத் திறக்காதாம். காம்வா, வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு அழுதேன். அவள் வாத்துக் காலை என் கிண்ணத்தில் வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் கோபப்பட்டாள். “அவனை எதுக்குடா போகவிட்ட?”

கீழ்வீட்டு வாத்தியாரை இதே சட்டத்தைச் சொல்லி போலீஸ் விசாரணைக்குக் கூட்டிப்போன அந்த வாரம், நீயாவது தப்பிக்கட்டும் என்று நான்தானே உன்னைப் பெட்டி கட்ட வைத்தேன். அதைத் தைரியம் என்று வேறு நினைத்துக்கொண்டேன். உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

இப்போது கேட்கிறேன். தொண்ணூற்றேழில் சீனாவிடம் போய்விடுவோம் என்று பயந்து பாதி ஊர் உன் வான்கூவருக்குத்தான் ஓடி வருகிறது. அந்த விமானங்கள் இங்கே திரும்பும்போது காலியாகத்தான் இருக்குமாம். ஒன்றில் ஏறி உட்கார். உன் அண்ணன் கோபித்தால், அவருக்குக் கடிதம் எழுத அக்கா தயாராக இருக்கிறாள்.

குளிரில் இருமலை வளர்த்துக்கொள்ளாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நீண்ட நாள் வாழ வேண்டும். என் கண் எதிரே வாழ வேண்டும்.

உன்,
பாக்ஹோய்