முத்தப்பன் வாய் திறந்த சேதி

கண்டனூர்,
காளயுக்தி வருடம், ஆடி மாதம்.

சிரஞ்சீவி சோமுவுக்கு அய்யா பூமிநாதன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் ஆத்தாளும் உன் பெண்டாட்டி பொன்னழகும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், சலோனிகாவில் யுத்த ஆஸ்பத்திரி வேலையில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் என் மனசு ஓரிடத்தில் நிற்கும். வைகாசியில் வந்த கடிதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி கூட இல்லை. தபால்காரர் தலை தெரிந்தால் நானே எழுந்து தெரு முனைக்குப் போகிறேன், அவர் தூரத்திலேயே கையை ஆட்டிவிடுகிறார். இந்தக் காகிதத்தை எடுத்து வைத்துவிட்டு இரண்டு தடவை எழுந்து கண்மாய்க்கரை வரை நடந்துவிட்டு வந்தேன், உட்காரவே முடியவில்லை. உன் தம்பியைப் பற்றி ஆனியிலேயே எழுதினேன், அது உன் கைக்கு வந்ததோ கடலோடு போனதோ, அதனால் எல்லாவற்றையும் திரும்ப எழுதுகிறேன், தெரிந்த விஷயமானால் பொறுத்துக்கொள்.

தம்பி முத்தப்பன் ஆப்பிரிக்கா யுத்தத்திலிருந்து மாசியில் வந்து சேர்ந்தான் அல்லவா, கை கால் முழுசாகத்தான் வந்தான், ஆனால் வாயைத் திறக்கவில்லை. சோறு வைத்தால் தின்றான், ஏர் பூட்டச் சொன்னால் பூட்டினான், பேச்சு மட்டும் இல்லை. உன் ஆத்தாள் குன்றக்குடிக்கு நடந்தே போய் வேண்டிக்கொண்டு வந்தாள். காற்றுக் கருப்பு அடித்துவிட்டது என்று ஊரில் பேசினார்கள், நான் ஒருவரோடும் வாதாடவில்லை. உனக்கு எழுதிக் கலக்க வேண்டாம் என்று அப்போது மறைத்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் உன் கடிதம் வந்தது. உன் ஆஸ்பத்திரியில் கிடக்கும் செர்பியாக்காரர்களின் பேச்சை அவர்கள் துணி வெளுக்க வரும் அம்மாளிடம் படித்துக்கொண்டதையும், நீ பேசியதும் காயம்பட்டவர்கள் கூட விழுந்து விழுந்து சிரித்ததையும், அவர்கள் பாஷையில் 'நான் குடித்தேன்' என்பதையே ஆண் ஒரு மாதிரியும் பெண் ஒரு மாதிரியும் சொல்ல வேண்டும், நீ பொம்பளை பேச்சைப் பேசிவிட்டாய் என்பதையும் வாசித்தபோது பொன்னழகு வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். முத்தப்பன் தூணோரம் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தான். அங்கே அப்பத்தாளைப் பாபா என்பார்கள் என்று நான் வாசித்ததும் அவன் கை நின்றது. மேலே வாசித்தேன். ரொட்டி உண்டா என்றாலும் நேமா, ஊர்ச் சேதி உண்டா என்றாலும் நேமா, நேமா என்றால் இல்லை, ஊரும் வீடும் விட்டு வந்த அந்த ஜனங்கள் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வது அந்தச் சொல்தான் என்று நீ எழுதியிருந்தாய். அப்போதுதான் அவன், "இல்ல அய்யா, தப்பா வாசிக்கிறீக, நேமான்னா தேடுறது" என்றான். குரல் கரகரவென்று யாரோ பேசுவதுபோல இருந்தது. உன் ஆத்தாள் கையிலிருந்த சுளகு கீழே விழுந்து அரிசி சிதறியது, ஒருவரும் அள்ளவில்லை.

பிறகு அவனே சொன்னான். இவன் பட்டாளம் ரோடு போட்ட இடத்துக்கு அடுத்து, ஹவுசா பாஷை பேசும் கறுப்பர்களின் பட்டாளம் கூடாரம் அடித்திருந்ததாம். அதில் அவுது என்று ஒருவன். இவனுக்கு அவன் பாஷை தெரியாது, அவனுக்கு இவன் பாஷை தெரியாது, ஒரே அடுப்பில் சமைத்து ஒவ்வொரு சொல்லாக மாற்றிக்கொண்டார்கள். ஒரு பெரிய ஆற்றங்கரையில் சண்டை நடந்து முடிந்தபோது அவுது திரும்பி வரவில்லை. அவன் கூட்டாளிகள் நாணலுக்குள் இறங்கினார்கள், எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு நேமா, நேமா என்றார்களாம். இவனும் இடுப்பளவு தண்ணீரில் கூடவே போனான். அகப்படவில்லை. மறுநாள் கூடாரத்தைப் பிரிக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. "நான் இன்னம் தேடிக்கிட்டே இருக்கேன் அய்யா" என்றான். நான் அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன் சோமு.

அன்று முதல் உன் கடிதத்தை வைத்துக்கொண்டு அவன் பாஷையையும் உன் பாஷையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. உனக்கு வோதா என்றால் அவனுக்கு ருவா, எல்லாம் தண்ணீர்தான். உனக்கு அப்பத்தாளான பாபா அவனுக்கு அப்பன், அதையே ராகம் மாற்றி இழுத்தால் அத்தை முறைக்கும் ஆகிவிடுமாம், பாட்டுப் போலக் காதால்தான் பிடிக்க வேண்டுமாம். நாம் தண்ணீரைச் சொல்லிவிட்டுக் குடித்தேன் என்று முடிக்கிறோம், அவர்கள் இரண்டு பேருமே குடித்தேன் என்பதை முன்னால் போட்டுத் தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தே இராத ஜனங்கள், ஒருவர் கறுப்பு, ஒருவர் வெள்ளை, இதில் மட்டும் எப்படி ஒத்துப்போனார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை. எதிர்ப்பட்டால் உன் ஆட்கள் சொல்லும் ஸ்த்ராவோ என்பதும் அவன் ஆட்கள் கேட்கும் லாஃபியா என்பதும் சுகத்தைப் பற்றித்தானாம். அதைக் கேட்டதும் உன் ஆத்தாள், "அவுகளும் நம்மளப் போலத்தான" என்றவள், பிறகு, "அந்தப் புள்ளையோட ஆத்தாளுக்கு ஆராச்சும் சேதி சொன்னாகளா" என்று கேட்டாள். முத்தப்பன் கயிற்றை எடுத்துத் திரிக்கத் தொடங்கினான். மறுபடியும் வாய் மூடிக்கொண்டதோ என்று நான் பயந்தேன். கயிற்றை முடிச்சுப் போட்டு வைத்துவிட்டு, "தெரியலையே ஆத்தா" என்றான்.

அதற்குப் பிறகு அவன் வீட்டில் தரிக்கவில்லை. அவுது நாணலுக்குள் இறங்கியதைக் கண்ணால் பார்த்தவன் தான் ஒருவன்தான், பிறகு விசாரித்தவர்களுக்குப் புரியும்படி சொல்ல அன்றைக்குத் தனக்குப் பாஷை போதவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னான். தேவகோட்டை வக்கீல் குமாஸ்தாவிடம் இங்கிலீஷில் எழுதி அனுப்பினோம், பதில் இல்லை. பெங்களூர் ராணுவத் தண்டில் தங்கள் பட்டாளத்துத் துரை இருக்கிறாராம், நேரில் போய்ச் சொன்னால் அவர் ஹவுசாப் பட்டாளத்துக்கு எழுதி அவுதுவின் ஆத்தாளுக்குச் சேதி போகச் செய்வார், அப்படியே அண்ணனைப் பற்றியும் விசாரிப்பேன் என்றான். மறுபடியும் கப்பலில் ஏற்றிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு, இருந்தும் தடுக்க வாய் வரவில்லை. இன்று காலை அவன் ரயிலேற மானாமதுரைக்கு வண்டி கட்டினோம். உன் ஆத்தாள் நடுவாசலில் வழியை மறித்து நின்றாள். அவன் குனிந்து அவள் காலைத் தொட்டு, "போயிட்டு வாரேன் ஆத்தா" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னான். இந்தப் பேச்சுக்காகத்தானே நாலு மாதம் சாமியைக் கேட்டாள், இப்போது எப்படி வேண்டாம் என்பாள். ஒதுங்கி வழிவிட்டாள். வண்டி போன பிறகும் அங்கேயே நின்றாள், இன்னும் உள்ளே வரவில்லை.

அங்கே கொசு அதிகம் என்று எழுதியிருந்தாய், கொய்னா மாத்திரையைக் கசப்புக்குப் பயந்து துப்பிவிடாதே, கம்பளிச் சட்டையைப் பிறருக்குக் கொடுத்துவிடாதே. குன்றக்குடி முருகன் உன்னையும் உன் கையால் மருந்து கட்டிக்கொள்கிறவர்களையும் காப்பாற்றட்டும், தீர்க்காயுசாய் இரு. கை ஒழியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கொண்டாவது இரண்டு சொல் எழுதிப் போடு, எந்தப் பாஷையானாலும் சரி, வாசிக்கத் தெரிந்த ஆளை நான் தேடிக்கொள்கிறேன்.

இப்படிக்கு, உன் அய்யா
பூமிநாதன்