பெயரை நறுக்கிய அட்டைகள்

அக்டோபர் 9, புதன்

அட்டை வேலை வந்துவிட்டது. வருஷா வருஷம் இந்த மாதம்தான் வரும், தெரியும். தெரிந்தும் கட்டைப் பிரிக்காமல் மேசையை இரண்டு தடவை துடைத்தேன். எங்கள் சபைக்கான வாக்குத்தத்த அட்டைகள், நாற்பது வசனம். மெஷின் நறுக்கித் தள்ளும். நான் விதவிதமாகப் பிரித்து, நூறு நூறாக அடுக்கி ரப்பர் போடுவேன். பதினோரு வருஷமாக இந்தப் பிரஸ்ஸில் பைண்டிங் மேசைதான் எனக்கு. ஆண்டின் முதல் காலை ஆராதனையில் ஆளுக்கொன்றாகப் பெட்டிக்குள் கைவிட்டு எடுப்பார்கள். கைக்கு வந்தது எதுவோ, அதுதான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் கொடுத்த வாக்கு.

மூன்றாவது கட்டில் அது இருந்தது. நரைக்கும் வரைக்கும் உன்னைச் சுமப்பேன் என்று வருமே, அது. இந்த வருஷம் என் மகன், என் நெட்டையன், எடுத்த அட்டை. "எனக்கு முடி நரைக்கிற வரைக்கும் கேரண்டிம்மா" என்று என் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான். என்னால் எட்டிப் பிடிக்க முடியவில்லை.

மார்ச்சில் மூளைக்காய்ச்சல். ஆறே நாள். இருபத்தாறு வயது. ஒரு முடி நரைக்கவில்லை.

நூறு எண்ணினேன், தொண்ணூற்றெட்டு வந்தது. மறுபடி எண்ணினேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

பாஸ்டரிடம் கேட்டே விட்டேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆறு நாளும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கல்லறையில் நான் சரிந்தபோது பிடித்தது அவர் கைதான். அதனால்தான் அவரிடமே கேட்டேன், ஆண்டவர் என் பிள்ளையை ஏன் சுமக்கவில்லை என்று.

கையிலிருந்த வேதத்தை மூடிவைத்துவிட்டுச் சொன்னார். "அம்மா, அந்த வசனம் அன்னைக்கு இஸ்ரவேலருக்கு, அந்த யூத ஜனங்களுக்குச் சொன்னது. நாம அப்படியே நமக்குன்னு எடுத்துக்கக் கூடாது."

சரி ஐயா என்று வந்துவிட்டேன். பேருந்தில்தான் தோன்றியது: நமக்குச் சொல்லாததை ஏன் நமக்குப் பெட்டியில் போட்டு நீட்டினார்கள்? எனக்கு எல்லாம் பேருந்தில்தான் தோன்றும்.

அக்டோபர் 20, ஞாயிறு

இன்றைய பிரசங்கம் யூதர்களைப் பற்றி. அவர்கள் தேவன் அனுப்பிய மேசியாவைத் தள்ளினார்கள், தேவன் அவர்களைத் தள்ளிவிட்டார், அவர்களுக்குச் சொன்ன வாக்குகள் எல்லாம் இனி சபைக்குத்தான், நாமே புதிய இஸ்ரவேல். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் சொல்லவில்லை.

போன ஞாயிறு அது அவங்களுக்கு. இந்த ஞாயிறு நமக்கு. என்ன கணக்கு இது? பலிச்சா நமக்கு, பலிக்கலன்னா யூதருக்கா? என் பிள்ளை செத்ததால அவங்க பக்கம் தள்ளிவிட்டீங்களா அந்த அட்டையை?

கோபத்தில் குடையை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அக்டோபர் 23, புதன்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் ராத்திரியிலும் வேதத்தை வைத்துக்கொண்டு அட்டைகளை ஒவ்வொன்றாகத் தேடினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒரு வசனத்தைக் கண்டுபிடிக்க கால் மணி நேரம் ஆகிறது. கண்ணாடி வேறு பழசு, எழுத்து எறும்பு மாதிரி ஓடுகிறது. மூன்று நாளாகத் தேடுகிறேன், இன்றுதான் முடிந்தது. நாற்பதில் இருபத்தேழில், அந்த வரியிலோ அதற்கு மேல் வரியிலோ ஒரு பெயர் இருக்கிறது. யாக்கோபே. இஸ்ரவேலே. சீயோனே. எல்லாம் அந்த யூத ஜனங்களின் பெயர்தான். ஆண்டவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் பேசுகிறார். அட்டையில் ஒன்றில்கூட அந்தப் பெயர் இல்லை.

கம்ப்யூட்டரில் எழுத்து அடிக்கும் பெண்ணிடம் கேட்டேன். "சபையிலயே அப்படித்தான் எழுதிக் கொடுக்கறாங்கக்கா. பேரை எடுத்துட்டா எல்லாருக்கும் பொருந்துமாம்" என்றாள்.

இன்னொருத்தர் வீட்டுக்கு வந்த கடிதம். மேல்விலாசத்தை நறுக்கிவிட்டு உள்ளே இருப்பதை எங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். நறுக்கியதை அடுக்கி ரப்பர் போட்டவள் நான். பதினோரு வருஷம்.

நவம்பர் 3, ஞாயிறு

நாத்தனார் வந்தாள். அவள் வேறு சபை. அங்கே யூதர் என்றாலே ஒரே கொண்டாட்டம். அம்புக்குறி போட்ட படம் ஒன்று கொண்டுவந்து என் மேசையில் விரித்தாள். "யூதர்தான் தேவனோட கடிகாரம், அண்ணி. அவங்கள வச்சே ஆண்டவரோட ரெண்டாம் வருகை எப்போன்னு சொல்லிடலாம்." வருகைக்கு முன்னால் அவர்களுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். மூன்றில் இரண்டு பங்கு பேர் அழிவார்கள், மிச்சம் பேர் மனம் திரும்புவார்கள் என்று டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள். ஏதோ நாளைக்கு மழை வரும் என்பது போல.

அவளுக்குப் பிள்ளை சாகவில்லை. அதனால் டீ ஆற்ற முடிகிறது.

நவம்பர் 7, வியாழன்

பிரஸ்ஸுக்கு எதிர்ச்சாரியில் மூக்குக்கண்ணாடிக்கடை வைத்திருக்கும் பெரியவர் யூதர்; அவர் அப்பா உலக யுத்தத்தின்போது கப்பலேறித் தப்பி வந்தவராம். தெருவுக்கே தெரியும், சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள், கடை திறக்க மாட்டார். பழைய கண்ணாடியை மாற்றத்தான் போனேன். சத்தியமாக அதற்குத்தான். ஆனால் அவர் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, எது தெளிவாக இருக்கிறது என்று கேட்டபோது, படிக்க நான் எடுத்து நீட்டியது மகனின் அட்டை.

வாங்கிப் பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியும், வசனமும் தெரியும். மேல் வரியை மனப்பாடமாகச் சொன்னார், யாக்கோபின் வீட்டாரே என்று தொடங்கி. வெட்கமாக இருந்தது. எடுத்த பொருளோடு பிடிபட்டவள் மாதிரி நின்றேன். உங்கள் பெயரை நாங்கள் எடுத்துவிட்டோம் என்றேன். பாஸ்டர் சொன்னது, நாத்தனார் சொன்னது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒருத்தர் எங்க கதை முடிஞ்சு போச்சுங்கறார். இன்னொருத்தர் எங்கள கடிகாரம்ங்கறார். நான் கண்ணாடி விக்கிறேன்மா."

பிறகு, அட்டை யாருடையது என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணாடிச் சட்டத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார், ஏற்கெனவே துடைத்ததுதான். "நீங்க படிச்சதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. படிங்க. எங்க வீட்டுலயும் நரைக்காமப் போனவங்க நெறைய பேரும்மா. அப்பாவோட தங்கச்சிங்க மூணு பேர, யூதர்னே அந்த யுத்தத்துல கொன்னுட்டாங்க. இந்த வசனத்த வச்சுக்கிட்டு நாங்களும் ஆண்டவர்கிட்ட சண்டைதான் போடறோம். அவர விட்டுட்டுப் போகல, அவ்வளவுதான்."

சண்டை போடலாமா? எனக்கு யாரும் சொல்லவில்லையே.

நவம்பர் 10, ஞாயிறு

சபைக்குப் போனேன். பாட்டு ஒன்றும் பாடவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 14, வியாழன்

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். பெயரைத் திரும்பப் போடாமல் இந்த அட்டையை நான் கட்ட மாட்டேன். அவர் முதலில் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். "ஏம்மா, நீ ரப்பர் போடறவளா, வேதபண்டிதரா?" ரப்பர் போடுகிற கைதான் மாட்டேன் என்கிறது என்றேன். நாளையிலிருந்து வராதே என்பார் என்று நின்றேன். அவர் பாஸ்டருக்குப் போன் போட்டார்.

அரை மணியில் பாஸ்டர் வந்துவிட்டார். மெஷினை நிறுத்தினார்கள். எல்லோரும் வேலை செய்வது போல நின்றார்கள்.

பாஸ்டர் மெதுவாகத்தான் பேசினார். "நீங்க துக்கத்துல பேசறீங்கம்மா."

"ஆமாங்கய்யா, துக்கத்துலதான் பேசறேன். சந்தோஷமா இருக்கிறவங்களுக்கு வாக்கு எதுக்கு?"

அவர்களைத் தேவன் தள்ளிவிட்டது வேதத்தில் இருக்கிறது என்றார். தள்ளவே இல்லை என்று அப்போஸ்தலர் பவுல் அடித்துச் சொன்னதும் அதே வேதத்தில்தான் இருக்கிறது, அந்தப் பக்கத்தில் காகிதம் வைத்திருக்கிறேன் என்றேன். நாம் அவர்கள் மரத்தில் ஒட்டுப்போட்ட கிளை என்று அவரே எழுதியிருக்கிறார். ஒட்டிய கிளை வேரைப் பார்த்து நீ போ என்று சொல்லுமா? அதற்கு வேறு அர்த்தம் இருக்கிறது என்று ஆரம்பித்தார். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"அர்த்தம் எனக்குத் தெரியாதுங்கய்யா. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவங்களுக்குக் குடுத்த வார்த்தைய ஆண்டவர் திரும்ப வாங்கிக்கிட்டார்னா, கடைசி நாள்ல என் புள்ளைய உயிரோட எழுப்புவேன்னு எனக்குக் குடுத்தத வாங்கிக்க மாட்டார்னு என்ன நிச்சயம்? அவங்க கோவிலுக்குப் போகலன்னு விட்டாரா? தப்பு பண்ணாங்கன்னு விட்டாரா? நானும் மார்ச்சுலேர்ந்து அவர திட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். என்னையும் விட்டுட்டாரா? எழுப்பமாட்டாரா அவன?"

பாஸ்டர் கட்டிலிருந்து ஒரு அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் ஆறாவது நாள் இருந்த அதே முகம்.

முதலாளி என்னைப் பில் புத்தகம் தைக்கும் மேசைக்கு அனுப்பிவிட்டார். அட்டைக்கட்டு அப்படியே தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கிறது.

நவம்பர் 15, வெள்ளி

ஒரு பொட்டுத் தூக்கமில்லை. பேசியதற்கு வருத்தமும் இல்லை.

நவம்பர் 21, வியாழன்

கண்ணாடி தயார். பெரியவர் கையடக்கக் கண்ணாடி ஒன்றைப் பிடித்து, முகத்துக்குச் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள் என்றார். பார்த்தேன். காதோரம் முழுக்க வெள்ளை. மார்ச்சுக்கு முன்னால் இப்படி இல்லை. எட்டு மாதமாகச் சரியாகத் தெரியாமல் சீவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவனுக்கு நரைக்க வேண்டியது எனக்கு நரைத்திருக்கிறது. விழாமல்தான் நடக்கிறேன், சாப்பிடுகிறேன், சண்டை போடுகிறேன். யார் சுமக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதை வைத்து என் வாயை அடைக்க விடமாட்டேன்.

டிசம்பர் 12, வியாழன்

தார்ப்பாயை எடுத்துவிட்டார்கள். அட்டைகள் மறுபடி மெஷினுக்குப் போயின, பின்பக்கம் ஏதோ அடிக்கவாம். எனக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் பெண் மட்டும் என்னைக் கடந்து போகும்போது முழங்கையால் இடித்துவிட்டுப் போனாள்.

ஜனவரி 1, புதன்

முதல் ஆராதனை. போக வேண்டாம் என்று இருந்தேன், போய்விட்டேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

பாஸ்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரே வரிசை வரிசையாக வந்தார். எடுத்தவர்கள் எல்லாம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பக்கத்துப் பெண்ணின் கையில் பார்த்தேன். முன்னால் வசனம். பின்னால் சின்ன எழுத்தில் ஒரு வரி: இது யாக்கோபின் வீட்டாருக்குச் சொல்லப்பட்டது.

என் முன்னால் வந்து நின்றார். குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "நீங்க சொன்னது எல்லாத்தையும் நான் இன்னும் ஒத்துக்கலம்மா. ஆனா யாருக்குச் சொன்னதுன்னு மறைக்கிறது சரியில்ல." பெட்டியை நீட்டினார்.

நான் பெட்டிக்குள் கையை விடவில்லை. "போன வருஷத்து அட்டைக்கே இன்னும் பதில் வரலங்கய்யா. அது வரட்டும். அப்புறம் புதுசு எடுக்கிறேன்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

இன்று பாட்டுப் பாடினேன். எல்லாப் பாட்டும் இல்லை, இரண்டு.

வீட்டுக்கு வந்து அவன் அட்டையை எடுத்தேன். இந்த மாற்றத்துக்கு முன்னால் அடித்தது, பின்பக்கம் வெறுமையாக இருந்தது. புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் கையாலேயே எழுதினேன். மேலே யாக்கோபின் பெயர். அதற்குக் கீழே என் பிள்ளையின் பெயர், முழுப் பெயர். கொடுத்த வார்த்தைக்கு இரண்டு பேரும் காத்திருக்கிறார்கள். நானும் இருக்கிறேன். விட்டுவிட்டுப் போகிறதாக இல்லை.