பக்கத்து சீட்டின் உறை

ஜனவரி 7, 2026

மீனாவுக்குக் காலையில் 99.4. சாயங்காலம் 98.6. தீபாவளிக்கு அப்புறம் தெர்மாமீட்டரை நான் கையைவிட்டு வைப்பதே இல்லை. ரெண்டு வயசுப் பிள்ளை, அதைப் பொம்மை என்று நினைத்துக் கேட்டு அழுகிறாள்.

இன்று இவரிடம் முடிவாகச் சொல்லிவிட்டேன். அப்பா விட்டுப்போன காரை விற்கிறோம், வீட்டோடு உட்கார்ந்து போகிற மாதிரி ஒரு கார் வாங்குகிறோம். தீபாவளியன்று கொட்டுகிற மழையில், வலிப்பு வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காளவாசல் முக்கில் நாற்பது நிமிஷம் நின்றேன். இவர் நடுரோட்டில் இறங்கி மறித்தும் ஒரு ஆட்டோ நிற்கவில்லை. இன்னொரு தடவை என்னால் முடியாது.

இவருக்குப் பிடிக்கவில்லை. "என்ஜின் பிடிச்சுப்போயி ஏழு வருசமா கெடக்கு. யாரு வாங்குவா ஈஸ்வரி? எடைக்குத்தேன் போடணும்."

ஜனவரி 11

இவர் செட்டுக்குப் போயிருக்கிறார். கோச்சடையில் அப்பாவின் பழைய ஒர்க்‌ஷாப். இங்கிருந்து பத்து நிமிஷ நடை. அப்பா போனபின் எனக்கு அந்தப் பக்கம் கால் வரவில்லை. கல்யாணமான வருசமே சாவியை இவரிடம் கொடுத்துவிட்டேன். மாதம் ரெண்டு ஞாயிறு போய் வண்டியைத் துடைத்துவிட்டு வருவார். பார்த்தேயிராத மாமனாரின் வண்டிக்கு இம்புட்டுச் செய்கிறவர் — விற்கிறேன் என்றது மனசைப் புண்படுத்தியிருக்குமோ?

ஜனவரி 24

விளம்பரம் போட்டேன். எம்.ஜி. கார், 1968, சிவப்பு, ரெண்டே சீட்டு. எடைக்கு வந்ததை வாங்கி, ஆறு வருசம் தட்டித் தட்டி அப்பா எழுப்பிய வண்டி. பக்கத்து சீட்டுக்குப் புதுத் தோல் போட்டு, அதன் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காமல் வைத்தார். "டிகிரி வாங்கிட்டு வா, நீயே கிழிச்சு உக்காரு." நான் டிகிரி வாங்கியபோது அப்பா இல்லை.

பழங்காநத்தத்திலிருந்து சாய்குமார் என்று ஒருவர் பேசினார். பழைய கார்கள் சேர்க்கிறவராம். ஓடாவிட்டாலும் வந்து பார்க்கிறேன் என்றார். இவரிடம் சொன்னேன். பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

பிப்ரவரி 3

வண்டி ஓடுது.

பிப்ரவரி 4

நேற்று அதற்குமேல் எழுத வரவில்லை. நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் நானே நம்பமாட்டேன்.

இவர் வேலைக்குப் போனபின் சாய்குமார் வந்தார், கூடவே மெக்கானிக் பேயாண்டி அண்ணன். ஷட்டரைத் தூக்கியதும் தூசி வாடை வரும் என்று மூக்கைப் பொத்தினேன். வந்தது பெட்ரோல் வாடை.

பேயாண்டி அண்ணன் ஆயில் பார்த்தார். பேட்டரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏந்தங்கச்சி, என்ஜின் பிடிச்ச வண்டின்னுல்ல சொன்னீக?"

"ஆமாண்ணே."

சாவியைத் திருப்பினார். ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆனது.

"பத்து நாளைக்குள்ள ஓடுன வண்டிதேன் இது. யாரோ பெத்த பிள்ளையாட்டம் பாத்திருக்காக."

சாய்குமார் சிரித்தார். "வெலைய ஏத்த இப்படி ஒரு வழியா மேடம்?" நானும் சிரித்துவைத்தேன்.

டேஷ்போர்டு பெட்டியில் பெட்ரோல் பங்க் ரசீதுகள், ரப்பர் பேண்டு போட்டு. ஒவ்வொன்றாகப் புரட்டினேன். அக்டோபர் 19. தீபாவளிக்கு முதல்நாள். 'வெடி வாங்கிட்டு வாரேன்' என்று போன ஞாயிறு. டேங்கு நிரம்ப.

அப்போ மறுநாள், நான் மழையில் நின்றபோது —

பக்கத்து சீட்டைப் பார்த்தேன். எவளாவது உட்கார்ந்திருப்பாளோ என்றுதான் முதலில் மனசு ஓடியது. இல்லை. உறை அப்படியே இருக்கிறது, ஒரு கீறல் இல்லை. யாருமே உட்காரவில்லை. ஒருத்தி இருந்திருந்தால் அவளைத் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

பிப்ரவரி 5

ரசீதைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மறுக்கவில்லை. என்ஜினைச் சரிபண்ணி ரெண்டு வருசமாக ஓட்டுகிறாராம். நாகமலை தாண்டி, செக்கானூரணி வரைக்கும்.

"அந்த ரெண்டு மணி நேரந்தேன் ஈஸ்வரி, யாரும் என்னைய எதுவும் கேக்காத நேரம்."

"சொல்லியிருந்தா போயிட்டு வாங்கன்னுதான சொல்லியிருப்பேன்?"

"சொன்னா நீ ஏறுவ. பிள்ளைய ஏத்துவ. உங்கம்மாவக் கோயில்ல எறக்கி விடச் சொல்லுவ."

சரி. அதுகூடப் புரிகிறது. எனக்கும் வேணும் அப்படி ரெண்டு மணி நேரம். எனக்கு யார் செட்டு கட்டி வைத்திருக்கிறார்கள்?

"தீபாவளியன்னிக்கு?"

தட்டைத் தள்ளி வைத்தார்.

"சத்தியமா வண்டி இருக்குங்கிற ஞாபகமே வரல. நான் அத வீட்டோட சேத்து நெனச்சதே இல்ல."

பொய்யா என்று முகத்தைப் பார்த்தேன். பொய்யில்லை. பொய்யாக இருந்திருக்கக் கூடாதா?

பிப்ரவரி 6

மீனா 98.6.

பிப்ரவரி 15

"விக்க வேணாம். இனி உன்னையும் கூட்டிட்டுப் போறேன்" என்கிறார். அதில் ரெண்டு சீட்டுதான் என்றேன். மீனாவை எங்கே உட்கார வைப்பதாம்?

பிப்ரவரி 20

கையெழுத்துப் போட்டுவிட்டேன். வண்டி என் பேரில்தான் இருந்தது. அப்பா முன்னாடியே மாற்றி வைத்திருந்தார்.

"கடைசியா ஒரு ரவுண்டு ஓட்டிட்டுக் குடுங்க மேடம்" என்றார் சாய்குமார். எனக்கு ஓட்டத் தெரியாது என்று சொல்லக் கூசியது, ஒரு மெக்கானிக் மகளுக்கு. பேயாண்டி அண்ணன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். உறை நகத்துக்கு மசியவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தேன். மீனாவை மடியில் வைத்துக்கொண்டு ஆற்றுப்பாலம் வரை போய் வந்தேன். 'இன்னொக்கா, இன்னொக்கா' என்று கத்தினாள். இவர் ஷட்டர் ஓரம் நின்றிருந்தார். இறங்கி, கிழிந்த உறையை அவர் கையில் கொடுத்தேன்.

மார்ச் 9

டிரைவிங் கிளாஸில் சேர்ந்தேன். கிளட்ச் என்னைக் கொல்கிறது.

ஜூன் 14

நேற்று மத்தியானம் மீனாவுக்கு 101. டாக்டரிடம் போய்ச் சேரப் பதினோரு நிமிஷம். அப்பா வண்டி விற்ற பணத்தில் வாங்கிய காரை நான்தான் ஓட்டினேன். இவர் பின்சீட்டில், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு. சாதாரணக் காய்ச்சல்தானாம்.

இன்று ஞாயிறு. விடியக் காலையிலேயே எழுந்து, ஆணியில், அலமாரியில், சட்டைப் பையில் எல்லாம் துழாவினார்.

"கார் சாவி எங்க?"

"என் பைக்குள்ள. எங்க போகணும்னு சொல்லுங்க, நான் கொண்டுபோயி விடுறேன்."

எங்கேயும் இல்லை என்று பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.