நசுங்காத கார்

“வாத்தியாரே, நேரா மோதுனா எது நசுங்கும்? என் வண்டியா, என் புள்ள வாங்கியாந்த இந்த டப்பாவா?” உத்திரமேரூர் டீக்கடை வாசலில் ஒருநாள் என்னைக் கேட்டாய். இன்று காலை அதே வாசலில் உன் பழைய கார் வந்து நின்றது. வெயிலில் காய்ந்த ரெக்சின் வாடையும் பெட்ரோல் வாடையும் மூக்கில் ஏறியதும் உன் கேள்வி நினைவுக்கு வந்தது. கூடவே கோபமும்.

“உன் புள்ள வண்டிதான் நசுங்கும். இடியை அது வாங்கிக்கணும்னுதான் அப்படிச் செஞ்சிருக்காங்க” என்றேன் அன்று. எவர்சில்வர் தூக்கில் முட்டையைப் போட்டு மாடியிலிருந்து எறிந்தால் தூக்குக்கு ஒன்றும் ஆகாது, முட்டை என்ன ஆகும் என்று கேட்டேன். “நான் இன்னா முட்டையா?” என்றாய். கடையே சிரித்தது. பானெட்டை ஓங்கித் தட்டி, “இரும்புய்யா இது, இரும்பு!” என்றாய்.

உன் காரை நான் குறை சொல்லவில்லை. முன்சீட்டிலேயே மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்து தென்னேரிக் கல்யாணத்துக்குப் போனோமே, அந்தத் தாராளம் புதுக் காரில் ஏது? ஆனால் அது பெல்ட்டே இல்லாத கார். அந்தப் பழக்கத்தை உன் மகனின் சின்னக் காருக்கும் கொண்டுபோனாய். மாட்டாவிட்டால் கத்துகிறதென்று பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் விட்டு மாட்டி, அதன் மேலேயே சாய்ந்துகொண்டாய்.

“கொயந்த மாதிரி கத்திக்கினே இருந்திச்சி. வாய அடச்சிட்டேன் பாரு.”

திட்டினேன். “பேஜார் பண்ணாத வாத்தியாரே” என்றாய்.

பிறகு ஒருநாள் அந்தச் சின்னக் காரில் நீங்கள் இருவரும் போகும்போது, ஏரிக்கரை வளைவில் எருமை குறுக்கே வந்தது. ஒதுங்கப் போன கார் புளியமரத்தில் மோதி, முன்பக்கம் அப்பளமாய் நொறுங்கியது. பெல்ட் போட்டு ஓட்டிய உன் மகன் தோளில் சிராய்ப்போடு இறங்கி நடந்தான். பக்கத்தில் இருந்த உன்னைத் தூக்கித்தான் இறக்கினார்கள்.

கருமாதிப் பந்தலில், “பெரியவரு வண்டியா இருந்தா பொயச்சிருப்பாரு. இந்தத் தகரம் உயிர வாங்கிட்சி” என்றார்கள். உன் மகனும் தலையாட்டினான். “அந்தத் தகரம் நசுங்கினதாலதான்டா நீ நடந்து வந்தே!” என்று கத்தினேன். துக்கத்தில் பேசுகிறேன் என்று எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

இன்று உன் இரும்புக் காரின் முன்சீட்டில் உன் பேத்தி நின்றுகொண்டு வந்தாள். பிடித்துக்கொள்ள டாஷ்போர்டு மட்டும்தான்.

“அப்பா வண்டி சார், ஒண்ணும் ஆவாது” என்றான் உன் மகன்.

ஜன்னல் வழியாகக் கை விட்டுச் சாவியைப் பிடுங்கினேன். “இன்னா சார் இது, நடுரோட்டுல?” என்று கத்தினான். கடைசியில் மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான். சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது. நாளை வந்து கேட்பான். தரமாட்டேன். நீ இருந்தால் உன்னிடமும் தரமாட்டேன்.

இதைப் படிப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை காரில் உட்கார்ந்ததும், பெல்ட்டை மார்புக்குக் குறுக்கே மாட்டி, ஒரு முறை வெடுக்கென இழுத்துப் பாருங்கள். அது இறுகி உங்களைப் பிடித்துக்கொள்ளும்.