அப்பா விரலும் என் காதும்

பிப். 3, செவ்வாய்

பனி. மூக்கு ஒழுகல்.

சுருளிப்பட்டிப் பொதுமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: நம் அனைவரின் அன்பையும் பெற்ற என் சைக்கிளின் பின் டயர் இன்று காலை பால் சொசைட்டி வாசலில் வெடித்து இயற்கை எய்தியது. இறுதிச் சடங்கு பஞ்சர் கடையில். மலர்வளையம் வேண்டாம், டியூப் போதும்.

மற்ற செய்தி. அப்பாவின் வலது கால் பெருவிரல். கார்த்திகையில் மாலை போட்டதிலிருந்து செருப்பில்லாமலே ஜீப் ஓட்டினார். கம்பத்திலிருந்து மலையேறி ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப். கால் வைக்கும் தகடு தோசைக்கல் மாதிரி காயும். சர்க்கரை பிடித்த காலுக்குச் சூடு தெரியாது. மலைக்குப் போய்த் திரும்பி மாலையைக் கழற்றிய அன்றுதான் அம்மா கொப்புளத்தைப் பார்த்தது. இப்போது அது குழி.

தேனி டாக்டர் இன்று: “விரலை எடுத்துரலாம். இல்லைன்னா கடைசியா ஒண்ணு இருக்கு. அழுத்தம் கூட்டின கூண்டுக்குள்ள படுக்க வச்சு சுத்தமான ஆக்ஸிஜன் குடுப்பாக. ஹைப்பர்பேரிக்னு பேரு. எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன். ரெண்டு வாரத்துக்குள்ள முடிவு பண்ணுங்க.”

அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: “விரல் இல்லாம மலையில பிரேக் மிதிக்க முடியுமா சார்?”

டாக்டர் மருந்துச் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

கூண்டைத் தேடும் பொறுப்பு என்னுடையது. போனில் நான் தேடிக் கிடைக்காத பொருள் இன்னும் பிறக்கவில்லை.

பிப். 4, புதன்

‘அருகில் ஆக்ஸிஜன்’ என்று தேடியதில் போன் காட்டியவை:

1. அல்லிநகரத்தில் வெல்டிங் கேஸ் கடை.
2. போடியில் கலர்மீன் கடை. தொட்டியில் குமிழி விடுகிற மோட்டார்.
3. தேனி பஜாரில் அழகு நிலையம். ஆக்ஸிஜன் பேசியல்.

மூன்றுக்கும் போன் போட்டேன்.

வெல்டிங்: “ஒடைஞ்சது எதுன்னாலும் கொண்டா தம்பி, ஒட்டிரலாம்.”
“அப்பா காலுங்க.”
“போனை வைடா வெண்ணெ.”

அழகு நிலையத்து அக்கா மட்டும் பொறுமை. “மூஞ்சிக்கு மட்டுந்தாம்ப்பா. காலுக்குன்னா பெடிக்யூர் இருக்கு. அப்பாவக் கூட்டிட்டு வாரியா?”

தேனி முழுக்க இல்லை. கம்பத்தில் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் விசாரித்தால் இன்னும் தூரம் போகச் சொன்னார்கள். கடைசியில் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஒரு தடவை படுத்தால் போதாதாம், வாரக்கணக்கில் தினம் போக வேண்டும். கட்டணம் கேட்டதும் அம்மா என் கையிலிருந்து போனை வாங்கி, தன் காதில் வைத்து, இன்னொரு தடவை சொல்லச் சொன்னது.

பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சை. பழத்தைப் பாதுகாக்க எத்தனை குளிர் அறை! மனுஷன் விரலைப் பாதுகாக்க ஓர் அறை இல்லை. எரிச்சல்.

பிப். 6, வெள்ளி

வெயில் ஆரம்பித்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம். காப்பீட்டு அட்டையோடு நானும் அம்மாவும் அலைந்தோம்.

தேனி ஆஸ்பத்திரி காப்பீட்டுக் கவுண்டரில் இருந்த ஆள் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி: “இந்த ட்ரீட்மென்ட் லிஸ்ட்ல இல்லம்மா.”
“வேற எதுங்க இருக்கு?”
“விரலை எடுக்கிறதுன்னா இருக்கு.”

நான்: “அப்ப வெட்டுனா காசு, காப்பாத்துனா காசு கெடையாதா? இது காப்பீடா, வெட்டுக்கூலியா?”

அம்மா தொடையில் கிள்ளியது. அந்த ஆள் கோபப்படவில்லை. “நானா தம்பி சட்டம் போட்டேன்?” என்றார். அதுதான் இன்னும் கடுப்பு. யாரைத் திட்டுவது என்றே தெரியாமல் கோபத்தைப் பஸ்ஸில் சின்னமனூர் வரை சுமந்து வந்தேன். டிக்கெட் வாங்கவில்லை அதற்கு.

பிப். 8, ஞாயிறு

வீட்டில் மகாநாடு. தலைமை: அம்மா. சிறப்பு விருந்தினர்: திராட்சைத் தோட்டத்து மாமா, அம்மாவின் தம்பி.

தீர்மானம்: எனக்குக் காதுகுத்து.

ஆமாம், எனக்கு. ப்ளஸ் ஒன் படிக்கிற எனக்கு. ஒரு வயதில் குத்தியிருக்க வேண்டியது. அப்போது மாமாவுக்கும் அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தாய்மாமன் மடி இல்லாமல் குத்தக்கூடாது என்று தள்ளிப்போய், தள்ளிப்போய், மீசையே வந்துவிட்டது. இப்போது மாசி சிவராத்திரி வருகிறது. எப்படியும் பங்காளிகள் எல்லாரும் குலசாமி கோயிலுக்கு வருவார்கள். ஊரெல்லாம் அம்மா செய்த மொய் பாக்கி நிற்கிறது. விசேஷம் என்று ஒன்று வைத்தால்தான் அது திரும்பி வரும்.

அப்பா: “என் வெரலுக்கு ஊர்ல கை நீட்டணுமாக்கும்?”
நான்: “கை நீட்டலப்பா. நான் காதை நீட்டுறேன்.”
மாமா: “ஏலே, மடியில ஒக்காரப் போறது நீ. என் தொடை ஒடைஞ்சா அதுக்கும் அந்தக் கூண்டுதானா?”

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. “கண்ணாடிக் கொழாக்குள்ள பொணம் மாதிரிப் படுக்க என்னால ஆகாது” என்றார். அதுதான் உண்மையான காரணம். பயம்!

ஒப்பந்தம் போட்டேன். நான் கண்ணைச் சிமிட்டாமல் குத்திக்கொண்டால் அவர் வாயைத் திறக்காமல் கூண்டுக்குள் போக வேண்டும். கை அடித்தார். ஊசிக்கு நான் பயந்தது கிடையாது. என்னைப் பார்த்து ஊசிதான் பயப்பட வேண்டும்.

பிப். 16, திங்கள்

நேற்று ராத்திரி முழுக்கக் கோயில். இன்று காலை காதுகுத்து. ப்ளெக்ஸ் பேனரில் என் படம். பக்கத்தில் ‘செல்லக்குட்டி’ என்று அடித்திருந்தார்கள். வகுப்பில் பாதிப் பேருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அடித்தவனைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சித்தப்பா மைக்கில்: “காதுகுத்து மாப்பிள்ளை தன்னைத் தூக்கிட்டு வரச் சொல்றாரு, யாராவது கிரேன் கொண்டாங்கப்பா!”

வெற்றிகரமாகக் குத்தப்பட்டது. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. மாவீரன் மாதிரி இருந்தேன். வரலாறு இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

மொய் நன்றாகவே வந்தது. கூண்டில் படுக்க வேண்டிய நாட்களில் பாதிக்குத்தான் காணும். மீதிக்கு அம்மா தோட்டைக் கழற்றிவிட்டது. என் காதில் தோடு ஏறிய நாளில் அம்மா காது காலி. யாரிடம் போய்க் கத்துவது?

பிப். 18, புதன்

விடிவதற்கு முன் மதுரை பஸ். முதல் நாள், நல்ல காரியம் என்று அப்பா தலையில் அம்மா தேங்காய் எண்ணெய் வழிய வழியத் தேய்த்து, விபூதி அடித்து, இடுப்பில் எலுமிச்சம்பழமும் செருகி அனுப்பியது.

கூண்டை இயக்கும் அக்கா பார்த்ததும் அலறியது. “எண்ணெயா? உள்ள முழுக்க ஆக்ஸிஜன் சார், ஒரு பொறி பட்டாலும் பத்திக்கும்! குளிச்சிட்டு வாங்க.”

சொல்லவேண்டியதை முதலிலேயே போனில் சொன்னால் என்ன? வரிசையில் எங்களுக்குப் பின்னால் இருந்தவர் உள்ளே போனார். நான் ஷாம்பு பாக்கெட் வாங்கி வந்து, ஆஸ்பத்திரிக் குழாயடியில் அப்பாவைக் குனிய வைத்துத் தலை தேய்த்தேன். மூன்று பாக்கெட். கண்ணில் நுரை. “மெதுவாடா ஏலே, தலை இன்னும் நல்லாத்தான் இருக்கு.”

மத்தியானம் இடம் கிடைத்தது. கண்ணாடிக் குழாய். ஆஸ்பத்திரி பருத்திச் சட்டையில் அப்பா சின்னவராகத் தெரிந்தார். கதவு மூடியது. வெளியே ஒரு பேசும் கருவி.

“ஏலே, காது அடைக்குதுடா.”
“எச்சியை முழுங்குப்பா. அக்கா சொன்னாகள்ல.”
கண்ணாடிக்குள் அப்பா தொண்டை ஏறி இறங்கியது.
“முழுங்கிட்டேன். நீயும் முழுங்கு. காதுகுத்துக்கு அழுதாப்ல இங்கன அழுது வைக்காத, அந்தப் பிள்ளை பாக்குது.”

அந்த அக்கா சிரித்தேவிட்டது.

சரி. திங்கள்கிழமைப் பக்கத்தைத் திருத்துகிறேன். ஒரு காது குத்தியதும் கத்திக்கொண்டு மாமா மடியிலிருந்து குதித்து ஓடினேன். கோயிலுக்குப் பின்னால் கிடா கட்டியிருந்த இடத்தில் ஒளிந்தேன். கட்டுப் போட்ட காலோடு நொண்டி நொண்டித் தேடி வந்தது அப்பாதான். இரண்டாவது காது மாமா மடியில் குத்தவில்லை, அப்பா மடியில். காலின் கட்டுத்துணியில் ரத்தம் கசிந்திருந்தது. “வலிக்கலடா” என்றார். வலிக்காதது தெரிந்துதான் நான் அழுதேன், காதுக்காக மட்டும் இல்லை.

இன்றும் அழுகையை முழுங்கிப் பார்த்தேன். கீழே போகவில்லை.