நூடுல்ஸ் கடையில் நான் சொன்னது

வடபழனி, சென்னை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாடத்தி மதினிக்கு, செல்வி வணக்கத்தோடு எழுதுவது.

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்ததை உங்கள் மகன் செல்வக்குமார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பன்னிரண்டு நாளாக என் போனை நீங்கள் எடுக்கவில்லை. பட்டாசுக் கம்பெனியில் சீசன் வேலை, அம்மாவுக்கு ஒழிவில்லை என்கிறான். அவனுக்குப் பொய் சொல்லவே வரவில்லை. இந்தக் கடிதத்தை அவனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதீர்கள். எழுத்துக்கூட்டியாவது நீங்களே வாசியுங்கள். பெரிய எழுத்தாகவே எழுதியிருக்கிறேன்.

விஸ்வநத்தத்தில் மழை உண்டா? கால் வீக்கம் வடிந்ததா? நீங்கள் கொண்டுவந்த காராச்சேவு அப்படியே இருக்கிறது. எடுத்துச் சாப்பிட எனக்கு முகமில்லை.

என் மகன் சூர்யபிரகாஷ் தன் முதல் சம்பளத்தில் அத்தைக்கு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றுதான் தி.நகரில் அந்தச் சீன நூடுல்ஸ் கடைக்குக் கூட்டிப்போனான். நுழைந்ததுமே, இம்புட்டுப் பேருக்கும் ஒத்தக் கதவுதானாலே என்று கேட்டீர்கள். தட்டு வந்ததும், மருந்து முக்காத திரியல்லா கொண்டாந்து வச்சிருக்கான் என்றீர்கள். அவன் புரையேறச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு மேசை தள்ளி, நான் வேலை பார்க்கும் பள்ளியின் தலைமை ஆசிரியை இருந்தார். உங்கள் குரல் அவருக்குக் கேட்கக்கூடாதே என்றுதான் இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சமையல்காரர் சட்டியை உலுக்கியதும் தீ குப்பென்று ஆளுயரம் எழுந்தது. அங்கே அது வாடிக்கை. உங்களுக்கு எப்படித் தெரியும்? எல்லாத்தையும் போட்டுட்டு வெளிய ஓடுங்க என்று கத்தினீர்கள். சூர்யாவைச் சட்டையைப் பிடித்து இழுத்துப்போய் வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டு, எனக்காகத் திரும்பி உள்ளே வந்தீர்கள். ஆறு வருஷத்துக்கு முன் கம்பெனியில் தீப்பிடித்து அண்ணன் மாட்டிக்கொண்டபோது, உள்ளே ஓடப்போன உங்களை நாலு பேர் பிடித்து நிறுத்தினார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் மதினி.

கடையே சிரித்தது. ஒருத்தன் போனில் படம் எடுத்தான். தலைமை ஆசிரியை எழுந்து வந்து, யார் இவங்க என்று கேட்டார். வீட்டு வேலைக்கு ஊரிலிருந்து வந்தவங்க, புத்தி கொஞ்சம் அப்படித்தான் என்றேன். அப்போது என் மணிக்கட்டு உங்கள் பிடியில் இருந்தது. அந்தப் பிடி மெல்ல விட்டதை உணர்ந்தேன். பிறகு நீங்கள் குனிந்து, தரையில் கொட்டிக் கிடந்த நூடுல்ஸை அள்ளத் தொடங்கினீர்கள், வேலைக்கு வந்தவரைப் போலவே. நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையிலேயே, கம்பெனியில கூப்பிட்டாக என்று சொல்லிப் பையைத் தூக்கினீர்கள். நானும் நம்பியதுபோல் பஸ் ஏற்றிவிட்டேன்.

வெளியே நின்ற சூர்யாவுக்கு நான் சொன்னது கேட்டிருக்கவில்லை. நேற்றுத்தான் அவனிடம் சொன்னேன். அத்தை என்னியத்தானேம்மா முதல்ல இழுத்தா என்று கேட்டுவிட்டு எழுந்து போனான். தலைமை ஆசிரியையிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லிவிடுவேன் என்று இங்கே எழுத ஆசைதான். ஆனால் என்னை எனக்குத் தெரியும்.

மன்னிப்பு கேட்க வாய் வரவில்லை மதினி. ஒரே ஒரு தடவை போனை எடுங்கள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஏசுங்கள். செல்வக்குமார் பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை. நான் கேட்டுக்கொண்டே இருப்பேன், வைக்க மாட்டேன்.

உங்கள் நாத்தனார்,
பாண்டிச்செல்வி