மஞ்சள் தண்ணீர் தெளித்த இலை

என் வாயாடி மதினிக்கு,

அங்கன யாரிடம் வம்பு வளர்த்துக்கொண்டிருக்கிறீர்களோ. நான் சண்டை போடத்தான் எழுதுகிறேன். நீங்கள் பதில் பேச முடியாத இடத்துக்குப் போனபிறகாவது ஒருதரம் நான் ஜெயிக்க வேண்டாமா?

நான் கண்ணாடித் தட்டு கழுவும் தென்காசிக் கல்லூரியில் பாத்திமா ஆராய்ச்சி செய்கிறாளே, அவளுக்குக் கடைசியாகக் குப்பைமேனி பறித்துக் கொடுத்தீர்களே. கிருமி வளர்த்த தட்டில் அந்தச் சாற்றை வைத்ததும், சுற்றிலும் கிருமி செத்துத் தெளிவாக ஒரு வளையம் விழுந்தது. குற்றாலம் முழுக்கச் சொல்லித் தீர்த்தீர்கள். அண்ணன் நம் மூலிகைக் கடையில் போர்டே மாட்டிவிட்டான்: ‘புண்ணுக்கு, கல்லூரியில் சோதித்த இலை.’

நீங்கள் போனபின் இலஞ்சி வரப்பில் அதே இடத்தில் நான் பறித்துக் கொடுத்தேன். வளையம் இல்லை. மறுபடியும் பறித்தேன். இல்லை.

“யக்கா, இலையை மாத்திட்டீங்களா?” என்று கேட்டாள் பாத்திமா.

“ஏட்டி, பிடிக்கலன்னு மாத்துறதுக்கு இது என்ன சேலையா?” என்றேன். ஆனால் எரிச்சல் தாங்கவில்லை.

மீன்குழம்புக்கு மஞ்சள் போடும்போதுதான் உறைத்தது. பறிக்கும் முன் செடிக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து உத்தரவு கேட்பீர்களே. அதுவா தெளிப்பது? குளிப்பாட்டுவீர்கள். கழுவினால் சத்துப் போய்விடும் என்று நீங்கள் சொன்னதை நம்பி, பாத்திமாவும் கழுவாமல் அரைத்திருக்கிறாள்.

மஞ்சளைத் தனியாகவும் இலையைத் தனியாகவும் வைத்துப் பார்த்தாள். வளையம் மஞ்சளுக்குத்தான். இலையைச் சுற்றிக் கிருமி, சம்பந்தி வீட்டுக்கு வந்தது மாதிரி சவுகரியமாக உட்கார்ந்திருந்தது.

“மஞ்சளும் தட்டுலதான் கொல்லுது யக்கா. புண்ணுல என்ன செய்யும்னு தெரியாது. போர்டைக் கழத்தச் சொல்லுங்க.”

சொன்னேன். “ஏட்டி, செத்துப்போனவ பேரைக் கெடுக்கியா?” என்று அண்ணன் பாய்கிறான்.

புளியறையிலிருந்து ஒரு லாரி டிரைவர் கடைக்கு வருகிறார். சர்க்கரை வியாதி, காலில் புண். போர்டை நம்பி, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நம் இலையை அரைத்துக் கட்டுகிறார். புண் நாற ஆரம்பித்துவிட்டது, மதினி. நான் யாரைத் திட்ட? உங்களையா, அண்ணனையா, அந்தச் செடியையா?

நாளை அண்ணன் அருவிக்குக் குளிக்கப் போனதும் போர்டைக் கழற்றிவிடுவேன். டிரைவரை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். இது சத்தியம்.

செடியிடம் நீங்கள் கேட்ட மாதிரி, இப்போது உங்களிடம் உத்தரவு கேட்கிறேன். தராவிட்டாலும் கழற்றத்தான் போகிறேன்.

இன்னமும் உங்களோடு மல்லுக்கு நிற்கும்,
உங்கள் நாத்தனார்